அஞ்சல்காரர் கட்டிய காவல் துறை: பெர்க்லிக் காவலின் முதல் இருபது ஆண்டுகள்

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள பெர்க்லி, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஒரு சிற்றூர்தான். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 13,214 பேர். கரையோரத்தில் ஓஷன் வியூ என்ற தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. மலையடிவாரத்தில், 1873இல் அங்கு இடம் மாறி வந்த மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இன்னொரு குடியிருப்பு வளர்ந்தது. 1878இல் இரண்டையும் சேர்த்து ஒரே நகரமாக அறிவித்தபோது, நடுவே பெரும்பகுதி வயல்வெளியாகவே கிடந்தது. ஆள் குறைவு, பரப்பு அதிகம் என்ற இந்த நிலையை மனதில் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் 'அறிவியல்முறைக் காவல்' என்று பெயர் பெற்ற பலவும் ஏன் இந்த ஊரில் முளைத்தன என்பது எளிதில் விளங்கும். பெர்க்லியின் காவல் துறையைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக ஆய்வகத்தையும் பொய் கண்டறியும் கருவியையும் முன்னால் வைப்பார்கள். அவையெல்லாம் பின்னால் வந்தவை என்பதே என் கருத்து. 'இந்த நிமிடத்தில் நம் காவலர் எந்தத் தெருவில் இருக்கிறார், அவரை எப்படிக் கூப்பிடுவது' என்ற மிகச் சாதாரணமான கேள்விக்கு விடை தேடப்போய்தான் அந்தத் துறை உருவானது.

காவல் என்றால் மாநில அரசின் துறை என்றே நமக்குப் பழக்கம். சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் காவலை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவந்தது முதல், சிறிய ஊரின் காவல் நிலையமும் மேலிருந்து கீழிறங்கும் ஒரு படிநிலையின் கடைசிப் படியாகவே இருந்துவருகிறது. அமெரிக்கச் சிற்றூர்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கு ஊரே தன் காவலை வைத்துக்கொண்டது. செலவையும் ஊரே ஏற்றது. பெர்க்லியில் அந்தப் பொறுப்பு மார்ஷல் என்ற பதவியிடம் இருந்தது. மார்ஷலை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கீழே சில துணை மார்ஷல்கள் இருந்தார்கள். தேர்தலில் தோற்றால் வேலை போய்விடும் என்பதால், ஊரில் யாரைப் பகைத்துக்கொள்ளலாம், யாரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற கணக்கு இந்தப் பதவியோடு ஒட்டியே இருந்தது. பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. முந்தைய வழக்குகளைப் பற்றிய பதிவு என்று எதையும் முறையாக வைத்திருக்கும் வழக்கமும் அன்றைய சிற்றூர்களில் அரிது.

1905 ஏப்ரலில் நடந்த தேர்தலில் இந்தப் பதவிக்கு வந்தவர் ஆகஸ்ட் வோல்மர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1876இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பெர்க்லியில் நண்பர் ஒருவருடன் கூட்டாக நிலக்கரி, தீவனக் கடை நடத்தினார். 1898இல் ஸ்பானிய-அமெரிக்கப் போர் மூண்டதும் படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸுக்குப் போய், அங்கு ஆற்றுப் படகுகளில் ரோந்து சென்றார். ஊர் திரும்பியபின் 1900 முதல் அஞ்சல்காரராக வேலை பார்த்தார். கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். காவல் வேலையில் அவருக்கு ஒரு நாள் அனுபவமும் கிடையாது.

அவரை ஊரறியச் செய்தது 1904இல் நடந்த ஒரு சம்பவம். சரக்கு ஏற்றிய திறந்த ரயில் பெட்டி ஒன்று பிடி நழுவி, ஷாட்டக் அவென்யூவின் சரிவில் தானாக உருளத் தொடங்கியது. கீழே நிலையத்தில் பயணிகள் ரயில் ஒன்று நின்றிருந்தது. தபால் பையோடு வந்துகொண்டிருந்த வோல்மர் ஓடிச்சென்று, உருளும் பெட்டியில் தாவி ஏறி, கைத்தடையை இறுக்கி அதை நிறுத்தினார். உள்ளூர் நாளிதழான பெர்க்லி டெய்லி கெசட்டின் ஆசிரியர் ஃப்ரெண்ட் ரிச்சர்ட்சன், பின்னாளில் கலிஃபோர்னியாவின் ஆளுநரானவர், இந்த அஞ்சல்காரரை மார்ஷல் பதவிக்கு நிற்கத் தூண்டினார். மும்மடங்கு வாக்கு வித்தியாசத்தில் வோல்மர் வென்றார். அப்போது அவருக்கு வயது 29.

ரயில் பெட்டிக் கதை கேட்கச் சுவையானது. ஆனால் ஆய்வுக்குரியது அதன் பின்னால் இருக்கும் அஞ்சல்காரரின் அனுபவம் என்றே தோன்றுகிறது. ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் ஒரே பாதையில் நடந்த ஒருவருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒரு தெருவை நடந்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரியும். அஞ்சல் பாதையை வகுப்பவர் வீடுகளின் எண்ணிக்கையையும் நடையின் நேரத்தையும் பார்த்தே பிரிப்பார். வோல்மர் பின்னர் காவலர்களுக்கு ரோந்துப் பகுதிகளை வகுத்ததும் இதே மாதிரியில்தான். அவர் வெறும் நிலப்பரப்பைப் பார்க்கவில்லை. எங்கிருந்து எத்தனை புகார்கள் வருகின்றன என்பதைப் பார்த்தார். குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் குண்டூசிகளால் குறித்து, ஊசிகள் நெருங்கும் இடத்தில் பகுதியைச் சிறிதாக்கினார்.

அவர் பொறுப்பேற்றபோது கையில் இருந்த துணை மார்ஷல்கள் மூவர். மூவரை வைத்துக்கொண்டு பகலிரவு முழுக்க ஊரைக் காக்க முடியாது என்று நகர மன்றத்திடம் வாதிட்டு, எண்ணிக்கையைப் பன்னிரண்டாக உயர்த்திக்கொண்டார். பகலுக்கும் இரவுக்கும் முறை வைத்து ஆட்களைப் பிரித்ததும் அதே ஆண்டில் நடந்தது. பன்னிரண்டு பேர் கால்நடையாகச் சுற்றினாலும் ஊரின் ஒரு மூலைதான் ஆகும் என்பதால் அவர்களைச் சைக்கிளில் ஏற்றினார். சைக்கிள் என்பது இன்று பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் நடக்கும் காவலருக்கு இருபது நிமிடம் தள்ளியிருக்கும் வீட்டை அது ஐந்தாறு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடும். இரவில் சத்தமில்லாமலும் போகும்.

சைக்கிள் பாதிச் சிக்கலைத்தான் தீர்த்தது. ஒரு வீட்டில் திருடன் நுழைந்ததாகத் தொலைபேசியில் தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமையகத்தில் தகவலைக் கேட்டவருக்கு விஷயம் தெரியும். அதைத் தீர்க்க வேண்டிய காவலரோ இருட்டில் எங்கோ சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார். அவராக வந்து விசாரித்தால்தான் அவருக்கு எதுவும் தெரியும். கையில் வானொலி வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. இதற்கு 1906இல் கண்ட விடைதான் சிவப்பு விளக்கு. முக்கியமான சந்திப்புகளில் தெருவுக்கு மேலே, தொலைவிலிருந்தும் கண்ணில் படும்படி சிவப்பு மின்விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். தலைமையகத்தில் ஒருவர் விசையைத் தட்டினால் அவை விட்டுவிட்டு எரியும். அதைப் பார்த்த காவலர் அருகிலுள்ள அழைப்புப் பெட்டியைத் திறந்து, தொலைபேசியை எடுத்து என்ன சங்கதி என்று கேட்பார். முகவரியை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்புவார். சாலையில் நிற்கும் ஒரு காவலரைத் தலைமையகம் தன் விருப்பப்படி அழைக்க முடிந்தது அந்த ஊரில் அதுவே முதல் முறை.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விளக்கு எரிந்து எத்தனை நிமிடம் கழித்துக் காவலர் தொலைபேசியை எடுக்கிறார் என்பது இப்போது தலைமையகத்துக்குத் தெரிந்துவிடும். கடை ஒன்றின் உள்ளறையில் சாய்ந்து தூங்கும் வசதி அதோடு போயிற்று. பொதுமக்களுக்கு உதவியாக அறிமுகமான கருவி ஒன்று காவலரைக் கண்காணிக்கும் கருவியாகவும் ஆவது காவல் துறைகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கும் விஷயம். பெர்க்லியில் அது மிகத் தொடக்கத்திலேயே நடந்தது.

1906 ஏப்ரல் 18 காலை 5.12 மணிக்கு நிலநடுக்கம் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ நாட்கணக்கில் எரிந்தது. விரிகுடாவின் எதிர்க்கரையில் இருந்த பெர்க்லிக்குச் சேதம் குறைவு என்பதால், வீடிழந்தவர்கள் படகுகளில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். பதவியில் ஓராண்டு முடித்திருந்த மார்ஷலின் சிறு படைக்கு இது தாங்கக்கூடிய வேலை அல்ல. தன்னார்வலர்களுக்குத் தற்காலிகப் பொறுப்புக் கொடுத்தே அந்த நாட்களைச் சமாளித்தார்கள். வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1910 கணக்கெடுப்பில் பெர்க்லியின் மக்கள்தொகை 40,434. பத்தாண்டில் மூன்று மடங்கு! அஞ்சல்காரர் முகம் பார்த்து அறிந்த ஊர் அதோடு மறைந்தது. முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதபோது எழுதி வைப்பதுதான் வழி. வழக்குப் பதிவேடுகளை ஒரே இடத்தில் முறைப்படி சேர்க்கும் பணியும், ஒவ்வொரு குற்றவாளியும் குற்றத்தைச் செய்யும் பாணியைக் குறித்து வைத்து ஒப்பிடும் முறையும் பெர்க்லியில் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். பின்கதவை நெம்பித் திறப்பவன் பெரும்பாலும் பின்கதவையே நெம்புகிறான். மாடிச் சன்னல் வழியே இறங்குபவன் அடுத்த முறையும் மாடியையே பார்க்கிறான். இந்தப் பழக்கங்களை அட்டைகளில் எழுதி அடுக்கிவிட்டால், பெயர் தெரியாத திருடனையும் அவன் விட்டுச்சென்ற பழக்கத்தைக் கொண்டு நெருங்கலாம் என்பதே இதன் அடிப்படை. இந்த யோசனை பிரிட்டனிலும் அதே காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1907இல் நடந்த ஒரு மரணம் துறையின் போக்கை வேறு பக்கம் திருப்பியது. சயனைடால் இறந்த ஒருவரின் மரணம் தற்கொலையாகவே தோன்றியது. வோல்மருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் அறிவு அவரிடம் இல்லை. பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த ஜாக் லோபிடம் போய்க் கேட்டார். உடல் கிடந்த நிலையை வைத்துப் பார்த்தால் இது கொலையாகவே இருக்கும் என்று லோப் கருதினார். ஆனால் வழக்கு தண்டனை வரை போகவில்லை. சந்தேகம் சரியாக இருந்தாலும், சாட்சியத்தைச் சேர்க்கத் தெரியாத காவலரால் பயனில்லை என்ற பாடம் அதில் கிடைத்தது. ஆஸ்திரியாவில் விசாரணை நீதிபதியாக இருந்து குற்றப் புலனாய்வை ஒரு துறையாக வளர்த்த ஹான்ஸ் கிராஸின் எழுத்துகளை வோல்மருக்கு அறிமுகப்படுத்தியவரும் லோப்தான். அதே ஆண்டில் இரத்தம், இழை, மண் ஆகியவற்றின் மாதிரிகளை ஆய்வுக்கு உட்படுத்தியது பெர்க்லிக் காவல். ஊரின் ஒரு முனையில் பல்கலைக்கழகம் இருந்தது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது இங்கே தெரியும். வேறு எந்தச் சிற்றூரின் மார்ஷலும் ஒரு மாலை நேரத்தில் நடந்துபோய் உலகப் புகழ் பெற்ற உயிரியலாளரிடம் பிணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்க முடியாது.

இதன் தொடர்ச்சியாக 1908இல் காவலர் பள்ளி தொடங்கியது. பக்கத்து ஊரான ஓக்லண்டின் காவல் ஆய்வாளர் வால்டர் பீட்டர்சன் காவல் நடைமுறையைக் கற்பித்தார். பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் மார்ஸ்டன் கிட், சாட்சியச் சட்டத்தை எடுத்தார். ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ந்த வில்லியம் ஹெர்ம்ஸ், சுகாதாரச் சட்டங்களைச் சொல்லித் தந்தார். வகுப்பில் இருந்தவர்கள் ரோந்து முடித்துவிட்டோ, ரோந்துக்குப் போகும் முன்போ வந்த காவலர்கள். படித்த பாடத்தை அன்றிரவே தெருவில் சோதித்துப் பார்க்கலாம் என்ற நிலையில் நடந்த பள்ளி என்பதால்தான், பின்னர் உருவான பெரிய பயிற்சிக் கல்லூரிகளைவிட இது எனக்குச் சுவையாகப் படுகிறது.

1909இல் பெர்க்லி புதிய நகரச் சாசனத்தை ஏற்றது. தேர்ந்தெடுக்கப்படும் மார்ஷல் என்ற பதவி போய், நியமிக்கப்படும் காவல் துறைத் தலைவர் என்ற பதவி வந்தது. வோல்மரே முதல் தலைவராக நியமனம் பெற்றார். சட்டப்படி பார்த்தால் பெர்க்லிக் காவல் துறை பிறந்தது இந்த ஆண்டில்தான். ஆனால் விளக்கு, பதிவேடு, பள்ளி, ரோந்துப் பகுதி எல்லாம் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தன. சாசனம் தந்தது நிலைப்பை. அடுத்த தேர்தலில் கடைக்காரர்களோ சூதாட்ட விடுதிக்காரர்களோ ஒன்றுசேர்ந்து தலைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இல்லாமல் பல ஆண்டுத் திட்டம் போட அவருக்கு இடம் கிடைத்தது.

வண்டிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1911இல் மோட்டார் சைக்கிள் ரோந்தும், 1913இல் கார் ரோந்தும் வந்தன. சில ஆண்டுகளில் ரோந்துப் படை முழுவதும் கார்களில் போனது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விவரம்: கார்களைக் காவலர்களே சொந்தமாக வைத்திருந்தார்கள், நகரம் அவர்களுக்கு அதற்கென்று படி கொடுத்தது. சிறிய நகராட்சியின் பணப்பெட்டிக்கு ஏற்ற ஏற்பாடு அது.

இவற்றைவிட அதிகமாக என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வெள்ளிக்கிழமைக் கூட்டம். வாரந்தோறும் காவலர்கள் அனைவரும் ஓர் அறையில் கூடுவார்கள். சக காவலர் மீது, அதிகாரி மீது, தலைவர் மீதே ஒருவருக்கு இருக்கும் குறையை அங்கே, சம்பந்தப்பட்டவரின் முகத்துக்கு நேராக, எழுந்து நின்று சொல்லலாம். சொல்லப்பட்டவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். அறைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது. அறைக்கு வெளியே முணுமுணுக்கவும் கூடாது. ஆங்கிலத்தில் சிடுசிடுத்துக் குறை சொல்பவரை 'நண்டு' என்று கேலி செய்வது உண்டு. அதனால் இந்தக் கூட்டத்துக்கு நண்டுக் கழகம் என்றே பெயர் நிலைத்தது. படிநிலை இறுகிப்போன ஒரு துறையில் கடைநிலைக் காவலர் தலைவரின் தவற்றைச் சபையில் சொல்வது எவ்வளவு அரிது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊழியர்கள் சிலராக இருந்தவரை, எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தவரைதான் இது இயன்றது என்றும் சொல்லலாம்.

கைதானவரை அடித்து வாக்குமூலம் வாங்குவதை வோல்மர் தடை செய்தார். அடி இல்லாமல் உண்மையை எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு அவர் பல்கலைக்கழகத்தின் பக்கம் மீண்டும் திரும்பினார். 1916இல் குற்றவியல் பாடங்கள் பல்கலைக்கழகத்தில் தொடங்கின. 1918இல் காவலராகச் சேர வருபவர்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் கல்லூரி மாணவர்களையே பகுதிநேரக் காவலர்களாக எடுத்தார்கள். பகலில் வகுப்பு, இரவில் ரோந்து. 'கல்லூரிக் காவலர்கள்' என்று ஊர் அவர்களைக் கேலியாகவும் பெருமையாகவும் அழைத்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் 1919இல் சேர்ந்த வால்டர் கார்டன். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் பெயர் பெற்றவர், அந்த ஊரின் முதல் கறுப்பினக் காவலர். அவரோடு வேலை பார்க்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தவர்களிடம், அப்படியானால் வேலையை விட்டுப் போகலாம் என்றார் தலைவர். கார்டன் பின்னாளில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் ஆளுநரானார்.

இன்னொருவர் ஜான் லார்சன். உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டு ரோந்துக் காவலராகச் சேர்ந்தவர். இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ந்து பதிவுசெய்து பொய்யைக் கண்டறிய முயலும் கருவியை 1921இல் அமைத்து, மாணவியர் விடுதி ஒன்றில் நடந்த திருட்டு வழக்கில் பயன்படுத்தினார். கருவி பெயர் வாங்கியது. ஆனால் அதன் முடிவுகளைப் பிறர் அளவுக்கு மீறி நம்பியதையும், மிரட்டும் கருவியாகவே அதைப் பயன்படுத்தியதையும் பார்த்து, பிற்காலத்தில் லார்சனே அதை வெறுத்தார். அடியை ஒழிக்க வந்த கருவி வேறு வகை அடியாகிவிட்டது என்பது அவருடைய மனக்குறையின் சாரம்.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் பேசிவிடுவது நேர்மையாகும். பெர்க்லியின் புதுமைகள் எல்லாம் ஆய்வகத்திலிருந்தும் அஞ்சல் பாதையிலிருந்தும் வந்தவை அல்ல. பிலிப்பைன்ஸில் குடியேற்ற ஆட்சிக்காக நடந்த போரில் கற்ற படை உத்திகளைக் குற்றவாளிகளைச் சுற்றி வளைக்கப் பயன்படுத்தியதாக வோல்மரே பேசியிருக்கிறார். குற்றத்தை எதிர்ப்பதை ஒரு போராகவே பார்த்தார். ஊரை வரைபடமாக்கி, விரைந்து நகரும் சிறு குழுக்களால் ஆளும் முறைக்கு இராணுவ வேரும் உண்டு. குற்றத்துக்கும் பரம்பரைக்கும் முடிச்சுப் போட்ட, அன்று அறிவியல் என்று நம்பப்பட்ட இனமேம்பாட்டுக் கருத்துகளும் பாடத்திட்டத்தில் நுழைந்திருந்தன. வால்டர் கார்டனுக்காக உறுதியாக நின்ற அதே மனிதரின் பள்ளியில் இதுவும் நடந்தது. ஒன்றைக் கொண்டு மற்றதை அழித்துவிட முடியாது.

பெர்க்லி முறை வேறு ஊரில் நிற்குமா என்ற சோதனை 1923இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வோல்மரை ஓராண்டு ஒப்பந்தத்தில் காவல் தலைவராக அழைத்தது. அவர் அங்கும் சோதனைகள் வைத்தார், பள்ளி தொடங்கினார், புள்ளிவிவரம் தொகுத்தார். ஆனால் மதுவிலக்குக் காலத்து லாஸ் ஏஞ்சலிஸில் அரசியலும் சூதாட்டமும் காவலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அங்கே நண்டுக் கழகம் வைத்துக் குறை கேட்க அறை போதாது. கேட்டதை மாற்ற ஓராண்டு போதாது. 1924இல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் பெர்க்லிக்குத் திரும்பிவிட்டார். அவர் தொடங்கியவற்றுள் பெரும்பகுதி அவருக்குப் பின் அங்கே நிலைக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டுகளில் முறை வேறு வழியில் பரவியது. ஒப்பந்தத்தில் பெரிய நகரத்துக்குப் போன தலைவரைவிட, பெர்க்லியின் ரோந்துப் பகுதிகளில் இரவு பகலாகச் சுற்றிப் பழகிய இளைஞர்கள் அதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். 1921இல் மாணவராக இருந்துகொண்டே காவலராகச் சேர்ந்த ஓ. டபிள்யூ. வில்சன் 1925இல் ஃபுல்லர்டன் என்ற சிறிய ஊரின் காவல் தலைவரானார். 1928இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவுக்குப் போனார். அந்த 1928இல்தான் பெர்க்லியின் ரோந்துக் கார்களில் வானொலி வந்தது. சந்திப்பில் தொங்கிய சிவப்பு விளக்கைத் தலைநிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை காவலருக்கு அதன்பின் குறைந்தது.